மழை தரும் மேகம் எது? திரள் மேகங்களை அளந்தறியும் முறை

பூந்தமல்லியை அடுத்த குத்தம்பாக்கத்தில் சொர்ணவாரிப் பட்டத்தில் ஓர் ஏக்கர் நெல் நட்டிருக்கும் சிறு விவசாயி ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். ஆனி மாதம். பயிர் தூர் கட்டும் பருவம். மேலுரமாக இடுவதற்கு வாங்கிய யூரியா திண்ணையில் இருக்கிறது. காலையில் வானம் வெளுத்திருந்தது. பத்து மணிக்கு மேல் பஞ்சுப் பொதி போன்ற மேகங்கள் ஆங்காங்கே தலை காட்டுகின்றன. இன்று உரமிடலாமா, கூடாதா?

உரமிட்ட சில மணி நேரத்தில் பெருமழை கொட்டி வரப்பு வழிந்தால், உரம் வாய்க்காலோடு போய்விடும். மழை வரும் என்று அஞ்சி நாளைத் தள்ளிக் கொண்டே போனால் தூர் கட்டும் பருவம் கடந்துவிடும். இரண்டிலும் நஷ்டம் விவசாயிக்கே. எனவே, வானில் தெரியும் மேகம் மழை தரக்கூடியதா, வெறுமனே கலைந்து போகக்கூடியதா என்று அறிவது அவருக்கு மிகவும் அவசியமாகிறது.

இதே கேள்வியைத்தான் செயற்கை மழை ஆராய்ச்சியில் ஈடுபட்ட விஞ்ஞானிகளும் கேட்டார்கள். குத்தம்பாக்கத்துக்கு வடமேற்கே உள்ள திருவள்ளூர்ப் பகுதி, அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. புனேயில் உள்ள இந்திய வெப்ப மண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் இப்பகுதியின் மேகங்களில் 1973-ஆம் ஆண்டிலும், 1975 முதல் 1977 வரையிலும் உப்புத் தூள் தூவும் சோதனைகளை நடத்தியது. விமானம் மேகத்தை நோக்கிப் பறக்கும் முன் எந்த மேகம் ஏற்றது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அத்தேர்வு முறையின் முக்கியப் பகுதியை விமானம் இல்லாமலே, ஏரிக்கரையில் நின்று, ஒரு குச்சியைக் கொண்டு விவசாயிகளும் கற்றுக் கொள்ளலாம்.

திரள் மேகம் உண்டாகும் விதம்

வெயிலில் நிலம் சூடாகும்போது அதை ஒட்டிய காற்றும் சூடாகி மேலே எழும்புகிறது. மேலே செல்லச் செல்லக் காற்று விரிந்து குளிர்கிறது. ஓர் உயரத்தை எட்டியதும் அதிலுள்ள நீராவி மிக நுண்ணிய நீர்த்துளிகளாக மாறுகிறது. அந்த உயரமே மேகத்தின் அடி மட்டம். ஒரே நாளில் ஒரு வட்டாரத்தில் தோன்றும் திரள் மேகங்களின் அடிப்பகுதி, மட்டப்பலகை வைத்து அறுத்தது போல் ஏறக்குறைய ஒரே உயரத்தில் தட்டையாக இருப்பது இதனால்தான்.

மேகத்தில் உள்ள துளி மிகவும் சிறியது. அதன் குறுக்களவு சுமார் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு மழைத்துளி உண்டாவதற்கு இத்தகைய மேகத்துளிகள் பத்து லட்சம் ஒன்று சேர வேண்டும். மேகம் நிறைய இருந்தும் மழை இல்லாமல் போவது ஏன் என்பதற்கு இதுவே விடை. துளிகள் எல்லாம் ஒரே அளவில் சிறியனவாக இருந்தால் காற்றில் மிதந்து கொண்டே இருக்கும். சில துளிகளாவது பெரியனவாகி, கீழே இறங்கும் வழியில் மற்றவற்றை மோதிச் சேர்த்துக் கொண்டால்தான் மழை பிறக்கும். அப்படிச் சேர்வதற்குப் போதிய தூரமும் நேரமும் வேண்டும். ஆகவே, மேகத்தின் கனம், அதாவது அடியிலிருந்து உச்சி வரை உள்ள உயரம், மழைக்கு மிக முக்கியமாகும்.

உப்பின் வேலை

மழைக்காலத்தில் சமையலறை உப்புச் சாடி கசிவதை எல்லோரும் பார்த்திருக்கலாம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொள்கிறது. மேகத்திற்குள் பொடித்த உப்பைத் தூவினால் ஒவ்வொரு உப்புத் துகளும் ஈரத்தை இழுத்து விரைவில் பெரிய துளியாகிறது. அப்பெரிய துளி விழும்போது சிறு துளிகளைச் சேர்த்துக் கொள்கிறது. செயற்கை மழை முறையில் உப்பின் வேலை இவ்வளவுதான்.

தமிழ்நாட்டு வானில் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்திற்கு மேல்தான் நீர் உறையும் குளிர் நிலவுகிறது. அந்த உயரத்தைத் தாண்டி வளரும் மேகங்களில் வெள்ளி அயோடைடு என்ற பொருளைப் பயன்படுத்துவதுண்டு. அது பனித்துகள்கள் உண்டாகத் துணை செய்கிறது. அமெரிக்காவில் 1946-ஆம் ஆண்டு வின்சென்ட் ஷேஃபர் உலர் பனிக்கட்டியைக் கொண்டும், பெர்னார்டு வானெகட் வெள்ளி அயோடைடைக் கொண்டும் இதற்கு வழி கண்டனர். அதற்குக் கீழே நிற்கும் வெப்ப மேகங்களுக்கு உப்பே ஏற்றது.

சோதனை வயல் போன்ற வானம்

ஒரு புதிய உரத்தின் பயனை அறிய விரும்பும் விவசாயி, வயலை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் உரமிட்டு மறுபாதியை விட்டுவைப்பார். அறுவடையில் இரண்டையும் எடை போட்டுப் பார்ப்பார். மேகத்தை அப்படிப் பாதியாகப் பிரிக்க முடியாது. உப்புத் தூவிய பின் மழை பெய்தால், தூவாமலே அது பெய்திருக்குமோ என்ற சந்தேகம் எப்போதும் எஞ்சி நிற்கும்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க மகாராஷ்டிர மாநிலம் பாராமதிப் பகுதியில் நீண்ட சோதனை ஒன்று நடத்தப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பிரதேசமான அங்கு 4,800 சதுர கிலோமீட்டர் பரப்பு மூன்று சம பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, நடுவே இடைவெளியாக ஒன்று. வடபகுதியில் தூவுவதா, தென்பகுதியில் தூவுவதா என்பதை விஞ்ஞானிகள் தம் விருப்பப்படி முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவது போன்ற முறையில் முடிவு செய்தனர். பத்துப் பங்கு உப்புடன், அது கட்டி தட்டாமலிருக்க ஒரு பங்கு மாக்கல் தூளைக் கலந்து, மேகத்தின் அடி மட்டத்துக்குச் சற்று மேலே விமானத்திலிருந்து தூவினர்.

1973, 1974, 1976 ஆகிய ஆண்டுகளிலும், 1979 முதல் 1986 வரையிலுமாகப் பதினோரு தென்மேற்குப் பருவங்களில் இச்சோதனை நடந்தது. முடிவில், தூவிய பகுதியில் மழை 24 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. உப்பினால் பயன் ஏதும் இல்லாதிருந்தாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தோன்றக்கூடிய வாய்ப்பு நூற்றுக்கு நான்குதான் என்று கணக்கிடப்பட்டது.

விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இச்சோதனையில் உண்டு. ஒரு கிலோமீட்டருக்கு மேல் கனமும், ஒரு கன மீட்டர் காற்றில் அரை கிராமுக்கு மேல் நீரும் கொண்ட மேகங்களே உப்பினால் பயன் தந்தன. அதற்குக் குறைந்த மேகங்களில் உப்புத் தூவியபோது அவை கலைந்து போகும் போக்கே காணப்பட்டது. மெலிந்த மேகத்தை உப்பாலும் மழையாக்க முடியவில்லை.

பின்னர் அதே நிலையம் 2018, 2019-ஆம் ஆண்டுகளின் பருவமழைக் காலத்தில் சோலாப்பூர்ப் பகுதியில் 276 மேகங்களைக் கொண்டு ஆராய்ந்தது. தூவிய இடத்திற்குக் காற்றோட்டத் திசையில் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் சராசரியாக 18 சதவீதம் மழை கூடியதாக 2023-இல் முடிவு வெளியாயிற்று. பாராமதியும் சோலாப்பூரும் கடலிலிருந்து விலகிய வறண்ட பகுதிகள். குத்தம்பாக்கம் கடலிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடற்காற்று இயற்கையாகவே உப்புத் துகள்களைக் கொண்டு வருகிறது. எனவே அங்கு கிடைத்த சதவீதம் அப்படியே இங்கும் கிடைக்கும் என்று எடுத்துக் கொள்ளக் கூடாது.

மேகத்தின் அடி மட்டத்தைக் கணக்கிடுதல்

மேகத்தின் கனத்தை அறிய முதலில் அதன் அடி மட்டம் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு சாதாரண வெப்பமானியும், எவர்சில்வர் டம்ளரும், சிறிது ஐஸும் போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. பள்ளிகளின் ஆய்வுக் கூடத்தில் உள்ளது போன்ற வெப்பமானி வேண்டும்.

1. முற்பகல் 11 மணி அளவில் நிழலில், காற்றோட்டமான இடத்தில் வெப்பமானியைத் தொங்கவிட்டுக் காற்றின் வெப்பத்தைக் குறித்துக் கொள்ள வேண்டும்.

2. டம்ளரின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, பாதி அளவு தண்ணீர் ஊற்றி, வெப்பமானியை அதில் வைக்க வேண்டும். ஐஸைச் சிறு சிறு துண்டுகளாகப் போட்டு மெதுவாகக் கலக்க வேண்டும்.

3. டம்ளரின் வெளிப்புறம் மூச்சுப் பட்ட கண்ணாடி போல் மங்கத் தொடங்கும் கணத்தில் நீரின் வெப்பத்தைக் குறிக்க வேண்டும். இதுவே பனிபடு நிலை. பார்ப்பவரின் மூச்சு டம்ளரின்மேல் படக்கூடாது.

4. முதல் அளவிலிருந்து இரண்டாவது அளவைக் கழித்து, வரும் டிகிரியை 125 ஆல் பெருக்கினால் மேகத்தின் அடி மட்டம் தோராயமாக மீட்டரில் கிடைக்கும்.

உதாரணமாக, நிழலில் வெப்பம் 34 டிகிரி. டம்ளர் மங்கியது 24 டிகிரியில். வித்தியாசம் 10. அடி மட்டம் 1,250 மீட்டர். ஐப்பசி மாதக் காலையில் வெப்பம் 30, பனிபடு நிலை 24 என்றிருந்தால் அடி மட்டம் 750 மீட்டர்தான். காற்றில் ஈரம் மிகுந்தால் மேகம் தாழ நிற்கும். வறண்டால் உயர நிற்கும்.

குச்சியால் கனத்தை அளத்தல்

இதற்குத் தடையின்றி அடிவானம் தெரியும் இடம் வேண்டும். குத்தம்பாக்கத்தாருக்குச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை அருகிலேயே உள்ளது. மற்ற ஊரார் தம் ஊர் ஏரிக்கரையையோ, மரங்களில்லாத வயல்வெளியையோ பயன்படுத்தலாம்.

தலைக்கு மேல் நிற்கும் மேகத்தை இம்முறையில் அளக்க முடியாது. பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால், பக்கவாட்டில் முழு உருவமும் தெரியும் மேகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையை நீட்டி, ஒரு குச்சியைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். அடிவானத்திலிருந்து மேகத்தின் தட்டையான அடிப்பகுதி வரை குச்சியில் எத்தனை விரற்கடை என்று பார்க்க வேண்டும். பிறகு மேகத்தின் அடியிலிருந்து உச்சி வரை எத்தனை விரற்கடை என்று பார்க்க வேண்டும்.

அடி மட்டம் 1,250 மீட்டர் என்று கணக்கில் வந்த நாளில், அடிவானத்திலிருந்து அடிப்பகுதி வரை நான்கு விரற்கடை, அடிப்பகுதியிலிருந்து உச்சி வரை இரண்டு விரற்கடை என்றால், மேகத்தின் கனம் 625 மீட்டர். இது பாராமதியில் உப்புத் தூவியும் பயன் தராமல் கலைந்த வகையைச் சேர்ந்தது. மேலேயும் நான்கு விரற்கடை இருந்தால் கனம் 1,250 மீட்டர். இது விஞ்ஞானிகள் விமானத்தைக் கொண்டு செல்லத் தகுந்த வகை. மேகம் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று தெரியாவிட்டாலும் இக்கணக்கு பொருந்தும் என்பது இம்முறையின் சிறப்பு.

வெப்பமானி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. மேகத்தின் கனம், அதற்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை விடக் குறைவா, சமமா, அதிகமா என்று மட்டும் பார்த்தாலே பெருமளவு பயன் உண்டு.

வளர்கிறதா, தேய்கிறதா?

ஒரு முறை அளந்தால் போதாது. தனித் திரள் மேகம் சில நிமிடங்களில் தோன்றி, அரை மணிக்குள் மறைந்துவிடவும் கூடும். ஆகையால் கால் மணிக்கு ஒரு முறை அளந்து, மேகக் கூட்டம் பொதுவாக வளர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உச்சி காலிபிளவர் பூப்போலக் கட்டியாகவும் ஓரம் கூர்மையாகவும் இருந்தால் மேகம் வளர்கிறது. ஓரம் பிய்ந்த பஞ்சு போல் இருந்தால் அது தேய்கிறது. அகலத்தை விட உயரம் மிகுந்து கோபுரம் போல் எழுந்தால் மழைக்கு வாய்ப்பு உண்டு. உச்சி விரிந்து, கொல்லன் பட்டறைக் கல் போல் தட்டையானால் அது கார்திரள் மேகம். இடியும் மின்னலும் அதனுடன் வரும்.

திசையையும் கவனிக்க வேண்டும். ஆனி முதல் புரட்டாசி வரை இப்பகுதிக்கு மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து, பிற்பகலுக்குப் பின்னரோ இரவிலோ வருகிறது. எனவே மாலையில் மேற்கு வானத்தைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கடற்புறமிருந்து வரும். இரவிலும் விடியற்காலையிலும் கூடத் திடீர் மழை உண்டு. கடல் மேகங்கள் நில மேகங்களை விடக் குறைந்த கனத்திலேயே மழை தரக்கூடியவை என்பதையும் மறக்கக் கூடாது.

வேலைக்கு உதவும் குறிப்புகள்

* நண்பகல் வரை மேகத்தின் கனம் அடி இடைவெளியில் பாதிக்கும் குறைவாக இருந்து, ஓரங்கள் பிய்ந்து காணப்பட்டால், கடலை காய வைத்தல், மருந்து தெளித்தல் போன்ற வேலைகளைச் செய்யலாம். தெளித்த மருந்து பயிரில் ஒட்டிக் காய்வதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு மணி நேரம் மழையற்ற பொழுது வேண்டும். மருந்துச் சீட்டில் குறிப்பிட்ட நேரத்தைப் பின்பற்றுவது நலம்.

* நண்பகலுக்கு முன்பே கனம் அடி இடைவெளிக்குச் சமமாகி மேலும் வளர்ந்தால், யூரியா இடுவதை மறுநாளைக்குத் தள்ளி வைக்கலாம். களத்தில் காயும் தானியத்தைக் கூட்டி மூட வேண்டும்.

* கனம் இடைவெளியைப் போல் மூன்று மடங்கு ஆனாலோ, உச்சி தட்டையானாலோ வயலை விட்டு வெளியேற வேண்டும். மின்னலைப் பார்த்த 30 விநாடிக்குள் இடி கேட்டால் ஆபத்து அருகில் உள்ளது. பனை, புளிய மரங்களின் அடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வயலில் இறங்க வேண்டும்.

* வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பை அன்றாடம் கேட்டுக் கொள்ள வேண்டும். மேகத்தை அளப்பது அதற்குத் துணையே தவிர மாற்று ஆகாது. வட்டாரம் முழுவதற்கும் சொல்லப்படும் அறிவிப்பைத் தம் ஊருக்குப் பொருத்திப் பார்க்க இது உதவும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரம், வானத்தை எட்டுப் பங்காகக் கொண்டால் மேகம் எத்தனை பங்கு, குச்சி அளவு, பின்னர் மழை பெய்ததா ஆகிய நான்கையும் தினமும் எழுதி வரலாம். நேரான பக்கங்களை உடைய டப்பா ஒன்றை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, காலை எட்டரை மணிக்கு அளவுகோலால் அதிலுள்ள நீரின் உயரத்தை அளந்தால் மழையளவு மில்லிமீட்டரில் கிடைக்கும். ஓர் ஆண்டுக் குறிப்பு இருந்தால், எத்தனை முறை கணிப்பு சரியாயிற்று, எத்தனை முறை தவறிற்று என்பது அவரவருக்கே விளங்கும். உள்ளூர்ப் பள்ளி மாணவர்களையும் இதில் ஈடுபடுத்தலாம்.

செயற்கை மழையை நம்பி நாற்று விடலாமா?

வறட்சி ஆண்டுகளில் செயற்கை மழை பற்றிய பேச்சு எழுவது வழக்கம். தமிழ்நாட்டில் கடும் வறட்சி காரணமாக 1983-லும், 1984 முதல் 1987 வரையிலும், 1993-94-லும் இம்முறை கையாளப்பட்டது. கர்நாடகத்தில் 2003-லும் 2017-லும் கையாளப்பட்டது. விமானம் வரப் போகிறது என்ற செய்தியைக் கேட்டு, கிணற்றில் நீர் இல்லாத நிலையில் நாற்றங்கால் விடும் விவசாயி பெரும் ஆபத்தை மேற்கொள்கிறார்.

காரணம் எளிது. 10 மில்லிமீட்டர் மழை தரவிருந்த மேகம் 24 சதவீதம் கூடுதலாகத் தந்தால் 12.4 மில்லிமீட்டர் கிடைக்கும். ஓர் ஏக்கரில் இந்தக் கூடுதல் சுமார் 9,700 லிட்டர். இது நல்ல லாபமே. ஆனால் மேகமே இல்லாத வானத்தில் 24 சதவீதம் என்பது பூஜ்யத்தில் 24 சதவீதம்தான். கடும் வறட்சியின்போது தகுந்த மேகங்களே அரிதாகிவிடுகின்றன. விமானம் மேகத்தைக் கொண்டு வருவதில்லை. இருக்கும் மேகத்தைச் சற்றுத் தூண்டி விடுகிறது, அவ்வளவே.

இதற்கு மாறாக, பெய்த மழையைப் பிடித்து வைப்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஓர் ஏக்கரில் பெய்யும் 10 மில்லிமீட்டர் மழை 40,000 லிட்டருக்கு மேல். வரப்பில் நண்டு வளைகளை அடைத்து உயர்த்துதல், கோடை உழவு செய்தல், நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக் குட்டை வெட்டுதல், ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாயைத் தூர் வாருதல் ஆகியவை, மேகத்தில் கூடும் 2.4 மில்லிமீட்டரை விடப் பல மடங்கு நீரை வயலில் நிறுத்தும். செம்பரம்பாக்கம் ஏரி 2015 டிசம்பரில் நிரம்பி உபரி நீர் வெள்ளமாய் அடையாற்றில் பாய்ந்தது. அதே ஏரி 2019 கோடையில் வறண்டு தரை தெரிந்தது. இப்பகுதியில் மழை ஒரே சீராகக் கிடைப்பதில்லை. கிடைக்கும் நாளில் தேக்கி வைப்பதே கிடைக்காத நாளுக்குக் காப்பு.

திண்ணையில் யூரியாவை வைத்துக் கொண்டு நிற்கும் அந்தக் குத்தம்பாக்கத்து விவசாயி, பதினோரு மணிக்கு டம்ளரையும் குச்சியையும் எடுத்துக் கொண்டு அரை மணி நேரம் செலவிட்டால் போதும். மேகம் இரண்டு விரற்கடையில் நின்று, மேற்கு வானமும் வெளுத்திருந்து, ஓரம் பிய்ந்து கொண்டிருந்தால் நீரை வடித்து உரத்தை இடலாம். நான்கு விரற்கடையைத் தாண்டிக் கட்டியாக எழும்பினால் மூட்டையைப் பிரிக்காமல், மண்வெட்டியை எடுத்துக் கொண்டு வரப்பைப் பார்க்கப் போவதே நன்று. கணிப்பு சில நாள் தவறலாம். அளந்து பார்த்துத் தவறுவது, பாராமலே தவறுவதை விடக் குறைவாகவே இருக்கும்.